மாரியாயி அக்காவின் முழங்காலும் நான் வெட்டிய நாலு வரியும்

நேற்று, சனிக்கிழமை காலை. ஹட்டனில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் மாரியாயி அக்கா. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். சின்ன வயதில் லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கு அடுத்த காம்பரா, அடுத்த அறை, அவருடையது. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பதினோரு படி. ஒவ்வொரு படியிலும் நின்று, சுவரைப் பிடித்து ஏறி வந்திருந்தார்.

உட்கார்ந்ததும் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். பார்த்தால்... பேப்பரில் நான் எழுதும் பத்தி! வெட்டி வைத்திருக்கிறாரே என்று ஒரு கணம் உச்சி குளிர்ந்துபோனேன். மண்டைக்கனம், வேறென்ன?

“தம்பி, இது நீங்க எழுதுனதுதானே?”

“ஆமாக்கா.”

“இதத்தான் கண்டாக்கையா பெரட்டுல எல்லாருக்கும் முன்னாடி படிச்சாரு. என்னய நிக்க வச்சு.”

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்பும் இடம். முழங்கால் தாங்கவில்லை, செங்குத்தான மேல் மலை வேண்டாம், ரோட்டோரத்துச் சமதரையில் பறிக்கிறேன் என்று அக்கா கேட்டிருக்கிறார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சட்டைப் பையிலிருந்து என்னை எடுத்திருக்கிறார்.

“‘முட்டிக்கு ஓய்வு குடுத்தா செத்துரும், பாரம் குடுத்தாதான் உசிரோட இருக்கும்னு பேப்பர்லயே போட்டிருக்கு, மேல ஏறு’ன்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க தம்பி. மூணு வாரமா மேல் மலதான்.”



என் முழங்கால் வலித்தபோது பிஸியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி சொன்ன விஷயம் அது. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றினால் ஸ்பொஞ்ச் மாதிரி பிழிகிறது, தூக்கினால் உறிஞ்சுகிறது. அப்படித்தான் உள்ளே இருக்கும் செல்களுக்குச் சாப்பாடு. அழுத்தத்தை அந்தச் செல்கள் உணர்ந்து, வேண்டியதைச் சுரந்து, குருத்தெலும்பைக் கட்டிக்காக்கின்றன. இதையெல்லாம் எழுதினேன்.

அவள் சொன்னதில் நான் விட்டது? “ஆனா சேர், பெரிய பாரத்த விடாம ஏத்தினா அதே செல்லுதான் வேலைய நிப்பாட்டும். பெறகு செத்துப்போகும். அழுத்துறது பாதி, விடுறது பாதி.” எழுதத்தான் செய்தேன். நாலு வரி. பிறகு வெட்டிவிட்டேன். இடம் போதவில்லையா? சேச்சே... கடைசி வரி நச்சென்று இருக்கட்டுமே என்றுதான். வெட்கக்கேடு!

நேற்றே அக்காவை அந்தப் பெண்ணிடம் கூட்டிப்போனேன். மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், அக்கா கொண்டுவந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள். என்னிடம் மெல்லச் சொன்னாள்: “தேஞ்சது திரும்பி வராது சேர். சில எடத்துல செல்லே மிச்சமிருக்காது. இருக்கிறதயாவது காப்பாத்தணும். பாரத்தோட ஏத்தம் எறக்கம் கூடவே கூடாது.”

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. “மூணு வாரத்துக்கு முன்னாடி வந்திருந்தா?”

அந்தப் பெண் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டு அக்காவிடமே கொடுத்தாள். முப்பது வருடத் தேய்மானம் மூன்று வாரத்தில் வந்ததில்லைதான்... ஆனால் அந்த மூன்று வாரம் என் கணக்கு. அதை யார் மேல் போடுவது?

கண்டாக்கையாவுக்குப் போன் போட்டு, வெட்டிய நாலு வரியைச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். “நீங்களே எழுதிட்டு, இப்ப மாத்திச் சொன்னா எப்புடி சேர்? பேப்பர்ல வரட்டும், பாப்போம்.”

கோபம் வந்தது. ஆனால் அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தவன் யார்? நான்தானே!

பஸ்ஸில் ஏற்றிவிடும்போது அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “திங்கக்கெழமைக்குள்ள பேப்பர்ல வந்துருமா தம்பி?”

வந்துவிட்டது அக்கா.

கண்டாக்கையா, பேப்பரில் போட்டாயிற்று. நாளைக் காலை பெரட்டில் இதையும் சத்தமாக வாசியுங்கள்.

வாசித்து முடிக்கும்வரை அக்காவை உட்காரச் சொல்லுங்கள்.