டார்ச்சிலிருந்து கழற்றிய பேட்டரிகள்

தங்கா பத்து ஊரிலுள்ள எங்கள் வீட்டில் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த தம்பி, அப்பாவின் பழைய கேமரா ஃபிளாஷ் லைட்டுடைய கைப்பிடியைத் திறந்து புது பேட்டரிகளைப் போட்டதும், அதன் சத்தம் கொசுவின் ரீங்காரமாகத் தொடங்கி மேலே மேலே ஏறியது. நான் நினைவில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் பந்தலுக்கே போய்விட்டேன்.

தோட்டத்துக் கல்யாணங்களில் அப்பாதான் படம் பிடிப்பார். அந்த லைட் பேட்டரிகளைத் தின்று தீர்க்கும். பட்டணத்துக் கடையோ தூரம். ரீங்காரம் இளைத்தால் போதும், ரப்பர் பால்மரம் வெட்டுகிறவர்கள் கேட்காமலே தங்கள் லயத்து வீடுகளுக்குப் போய், நெற்றியில் கட்டும் டார்ச்சுகளிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி வந்து நீட்டுவார்கள். "எடுத்துக்குங்கண்ணே, காலையில சமாளிச்சுக்கலாம்லா." லைட் தயார் என்று அதன் முதுகில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும்வரை மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி நிற்க, கெட்டிமேளம் ஓயாமல் முழங்க, மல்லிகையும் சாம்பிராணியும் வியர்வையுமாய் அந்தக் கூட்டமே இமைக்காமல் காத்திருக்கும். சாயங்காலம் அம்மா வீடு வீடாகப் போய் பேட்டரிகளைத் திருப்பிக் கொடுப்பார். மறுநாள் விடியுமுன் ரப்பர் மரங்களுக்கிடையே போகிற வெளிச்சங்கள் மஞ்சளாக மங்கியிருக்கும்; யாரும் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை.

அந்த லயங்கள் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலை.

தம்பி லைட்டின் பொத்தானை அழுத்தினான். கூடம் வெளுத்து அடங்கியது. நாற்காலியிலிருந்த அம்மா கையை நீட்டினார்.

"பேட்டரியக் கழட்டிக் குடுடா. காலையில மரம் வெட்டப் போறவங்களுக்கு வேணும்ல."

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான்.

அம்மா எழுந்து செருப்பைத் தேடினார்.