துறைமுகக் காட்சியில் ஒரு கைக்கடிகாரம்

படப்பிடிப்புத் தளத்தில் அவரை எல்லோரும் 'பட்டன்' என்றே கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கதாநாயகன் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் காலை ஷாட்டில் போட்டிருந்தது, மதிய ஷாட்டில் திறந்திருக்கிறது என்று சொல்லி, எண்பது பேர் வேலையை நிறுத்தினார். அன்றைக்கு நல்ல திட்டு வாங்கினார். மறுநாளே பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பத்தொரு வருடத்தில் ஐம்பத்தெட்டுப் படங்கள் ஆன பிறகு, மரியாதைக்காக அது 'பட்டன் சார்' என்று நீண்டது.

அவர் வேலைக்குப் பெயர் கண்டினியூட்டி. ஒரு படத்தை வரிசையாக எடுப்பதில்லை. கதவைத் திறப்பது திங்கட்கிழமை என்றால், அதே கதவுக்குள் நுழைவது மூன்று வாரம் கழித்து இருக்கும். நடுவில் நடிகையின் தலைவகிடு இடம் மாறக்கூடாது, டம்ளரில் தண்ணீர் ஏறி இறங்கக்கூடாது, பாதி எரிந்த மெழுகுவர்த்தி மறுபடி வளரக்கூடாது. கேமராவுக்குப் பக்கத்தில் மடக்கு ஸ்டூலைப் போட்டு, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். போட்டோக்களை அவர் நம்பியதில்லை. போட்டோவில் சட்டை நனைந்திருப்பது தெரியும், எவ்வளவு நேரம் முன்னால் நனைந்தது என்பது தெரியாது என்பார்.

அவருக்கு ஒரே மகள். பதினொரு வருடம் முன்னால், தன்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வெளிநாட்டுக்காரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். பட்டன் கத்தவில்லை. "போறதுன்னா போ. அப்புறம் உன் பேச்சு இந்த வீட்டுல கிடையாது" என்றார். அவள் போனாள். அவரும் நோட்டில் எழுதியதை அடிக்காதவர் போலச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஞாயிறுதோறும் சாயந்திரம் நாலு மணிக்கு மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு பேசுவாள். வெளியே வந்ததும் என்ன சேதி என்று இவர் கேட்டதில்லை. கேட்காதவரிடம் அவளும் சொன்னதில்லை. ஒரு பேத்தி இருப்பதுகூட மனைவியின் அலமாரியில் செருகியிருந்த போட்டோவைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். பார்த்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

மகள் விமானம் ஏறிய வியாழக்கிழமை அவர் ஒரு காரியம் செய்திருந்தார். தன் கைக்கடிகாரத்தை நாலரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார். அவள் போகிற நாட்டின் நேரம் அது. உள்ளூர் நேரத்துக்குச் சுவர்க் கடிகாரமும் கைபேசியும் இருந்தன. மணிக்கட்டைத் திருப்பினால் இப்போது எழுந்திருப்பாள், இப்போது பஸ் பிடிப்பாள் என்று தெரிந்துவிடும். வீட்டில் இது யாருக்கும் தெரியாது.

"அந்த வாட்சை ஒரு கடையில குடுத்துப் பாருங்களேன். ஊருக்கெல்லாம் ஒரு மணி, உங்களுக்கு மட்டும் ஒரு மணி" என்பாள் மனைவி.

"ஓடுதுல்ல, போதும்."

போன வருடம் ஓர் இயக்குநர் காதல் கதை ஒன்றோடு வந்தார். இந்த ஊர்ப் பெண், பாலம் கட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர், சம்மதிக்காத அப்பா. இன்ஜினியரின் நாடு எது என்று கேட்டார் பட்டன். மருமகனின் நாட்டையே இயக்குநர் சொன்னார். மீதிக் கதையைக் கேட்காமலே ஒப்புக்கொண்டார்.

கடைசிக் காட்சியைத் துறைமுகத்தில் எடுத்தார்கள். மகளை ஏற்றிக்கொண்டு கப்பல் நகர்கிறது. வழியனுப்ப வர மாட்டேன் என்ற அப்பா கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார். சூரியன் இறங்குகிறது. அவர் ஒருமுறை மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். மணிக்கட்டுக்குத் தனியாக ஒரு குளோசப். அதை எடுக்கப்போகும் நேரத்தில், நடிகர் கம்பியில் கை மோதி, படத்துக்கென்று வைத்திருந்த கடிகாரத்தின் கண்ணாடி சில்லுச் சில்லாகப் போயிற்று. வெளிச்சம் இன்னும் ஏழெட்டு நிமிடம்தான். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டன் தன் கடிகாரத்தைக் கழற்றி நடிகர் கையில் கட்டினார். அதே வெள்ளை முகம், அதே கறுப்பு வார். வார் எந்தத் துளையில், சட்டைக்கை எத்தனை மடிப்பு என்று எல்லாம் பார்த்தார். முள்ளைப் பார்க்கவில்லை. அந்த முகத்தில் அந்த மணி இருப்பது அவர் கண்ணுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

ஆறு பத்துக்குச் சூரியன் மறையும் காட்சியில், அப்பாவின் கடிகாரம் ஒன்று நாற்பது காட்டியது.

படம் ஓடியது. பிறகு விமர்சகர்கள் எழுதத் தொடங்கினார்கள். கதாநாயகியின் கறுப்புக் குடை பாதிப் படத்துக்கு மேல் மஞ்சளாகிறதே, அது அவள் மனம் கனிந்ததன் அடையாளம் என்றார் ஒருவர். 'கறுப்புக் குடை காற்றில் கிழிந்தது, கடையில் மஞ்சள்தான் இருந்தது' என்று பட்டனின் நோட்டில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் எப்போதும் காலியாக இருக்கும் நாற்காலி செத்துப்போன அம்மா என்றார் இன்னொருவர். நாற்காலிக்கு ஒரு கால் ஆடியது, தச்சர் கடைசிவரை வரவில்லை. இதையெல்லாம் படித்து பட்டன் சிரித்துக்கொண்டார்.

மூன்றாவது கட்டுரையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வாரப் பத்திரிகையில் நாலு பக்கம். கடிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருந்தார்கள். நாலரை மணி வித்தியாசம் மாப்பிள்ளையின் நாட்டுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசமே. கப்பல் போய்ச் சேருமுன் அந்த அப்பா மகளின் நேரத்துக்குப் போய்விட்டார். வாயால் சொல்லாத மன்னிப்பை மணிக்கட்டில் கட்டியிருக்கிறார். இதுதான் படத்தின் மறைபொருள் என்று முடிந்திருந்தது.

பட்டன் நேராக இயக்குநரிடம் போனார்.

"சார், அது தப்பு. என் தப்பு. அவசரத்துல என் வாட்சைக் குடுத்தேன், முள்ளைப் பார்க்கலை."

"உங்க வாட்ச்ல எதுக்கு அந்த மணி?"

"நின்னு போயிருக்கும்."

"நின்னு போன வாட்சைக் கட்டிக்கிட்டா எங்க உயிரை எடுத்தீங்க?" இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பட்டன் சார், இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். ஜனங்க அழறாங்க. அழுதுட்டுப் போகட்டுமே."

அடுத்த வாரம் ஒரு பேட்டியில், கதை எழுதும்போதே அந்தக் கடிகாரம் என் மனதில் இருந்தது என்று இயக்குநர் சொல்லியிருந்தார். பட்டன் அதைக் கத்தரித்துத் தேதி போட்டு வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கதவு சாத்தியிருக்கவில்லை. மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்று கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கூடத்தில் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த பட்டனின் காதில் மகளின் குரல் தெளிவாக விழுந்தது.

"அம்மா, அந்தப் படம் பார்த்தேன். இங்ககூட ஒரு தியேட்டர்ல போட்டாங்க."

"அழுதியா?"

"சினிமா பார்த்து அழற ஆளா நான்?" கொஞ்சம் நிறுத்தி, "அழுதேன். கடைசில அந்த வாட்ச். பக்கத்துல இவரு வேற மூக்கை உறிஞ்சறாரு."

"மாப்பிள்ளையுமா? நல்ல ஜோடிதான் போ."

"அந்த டைரக்டருக்குக் கண்டிப்பா ஒரு பொண்ணு இருக்கணும்மா. இல்லாட்டி இப்படி யோசிக்க வராது. நம்ம வீட்டுலயும் ஒருத்தர் அதே படத்துல பட்டன் எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே. அவர் கண்ணுல அந்த வாட்ச் பட்டுச்சாம்மா?"

பட்டன் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தார். மனைவி பதறி ஈரக் கையோடு கைபேசியை அணைக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அது என் வாட்ச்" என்றார்.

குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"அப்பாவா?"

"அது என் வாட்ச்மா. டைரக்டர் யோசிச்சது இல்லை."

"பதினோரு வருஷம் கழிச்சு வாயைத் திறந்தது இதுக்குத்தானா? அவரு பேட்டியே குடுத்திருக்காரு, படிச்சேன்."

"அவர் சொல்றது சரியில்லை. வாட்ச் உடைஞ்சுது, என்னுதைக் கழற்றிக் கட்டிவிட்டேன்."

"சரி. உங்க வாட்ச்ல எதுக்கு அந்த நாட்டு மணி?"

இயக்குநரிடம் சொன்ன பதில் இங்கே வாயில் வரவில்லை.

"அது உன்னோட மணி. நீ போன அன்னிக்கு, வியாழக்கிழமை, சாயந்திரம் ஆறு முப்பத்தஞ்சுக்கு மாத்தி வச்சேன். அப்புறம் மாத்தவே இல்லை." மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இப்ப உனக்குக் காலைல பதினொண்ணு நாப்பது."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா." குரல் சின்னதாகியிருந்தது. "இங்க இருட்டிடுச்சுப்பா. விளக்குப் போட்டாச்சு."

அவருக்கு விளங்கவில்லை.

"நாங்க அந்த நாட்டுல இல்லைப்பா. இவருக்கு வேலை மாறி, இந்தப் பக்கம் வந்து மூணு வருஷம் ஆச்சு. உங்களுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி இருக்கோம். அம்மா, நீ சொல்லவே இல்லையா?"

"எப்படிடி சொல்றது?" மனைவியின் குரலில் கோபம் இல்லை. "உன் பேச்சே கூடாதுன்னாரு. கேட்டா சொல்லியிருப்பேன். ஒரு நாள் கேட்கலையே."

மூன்று வருடங்களாக, இப்போது எழுந்திருப்பாள் என்று அவர் நினைத்த வேளையில் அவள் மதியச் சாப்பாட்டை முடித்திருக்கிறாள். அவர் மனதில் அவள் ஏறிய பஸ்ஸில் அவள் இல்லை. எந்தத் தெருவில் இருக்கிறாள், வீட்டுக்கு எத்தனை ஜன்னல், எதுவும் அவருக்குத் தெரியாது. கேட்கத்தான் வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஓடிவரும் சத்தம் கேட்டது. அது வேற்று மொழியில் ஏதோ கேட்டது. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதே மொழியில் நாலைந்து சொல்லில் பதில் சொன்னாள். பிறகு, "அம்மா, அப்புறம் பேசறேன். என்னால இப்ப முடியலை" என்றாள். தொடர்பு அறுந்தது.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்தாள். பேத்தியோடு பேசிப் பேசி அந்த மொழி அவளுக்குக் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"குழந்தை என்ன கேட்டுது?"

"போன்ல யாருன்னு கேட்டுது."

"இவ என்ன சொன்னா?"

மனைவி தேய்த்து வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். அவர் நகர்கிற வழியாக இல்லை.

"பாட்டியோட வீட்டுக்காரர்னு சொன்னா."



"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார் பட்டன்.