பேர் வெட்டிய போசி

என் சமையலறை மேல்தட்டில் ஒரு தூக்குப்போசி இருக்கிறது. மூடியும் கைப்பிடியும் உள்ள எவர்சில்வர் பாத்திரம். மற்ற ஊர்க்காரர்கள் தூக்குவாளி என்பார்கள், எங்களுக்குப் போசிதான். அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறது: 'மாதர் நாடகக் குழு'. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க நாடகமெல்லாம் நடிச்சிருக்கீங்களா?" என்று சந்தேகத்தோடு கேட்பார்கள். இல்லை, இது என்னுடையது இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியது என்பேன். வருஷக்கணக்காக இதையே சொல்லிவருவதால் இப்போது என் வீட்டார் யாரும் இதை நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஓர் அறக்கட்டளையில் கள அலுவலராக இருந்தேன். சின்னக் கலைக்குழுக்கள் சொந்தக் காலில் நிற்க உதவித்தொகை கொடுப்பது அதன் வேலை. திருவிழாவில் ஒரு ராத்திரி ஆடுவதற்குப் பணம் கொடுக்க ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள். ஆடுகிற குழுவுக்குக் கூரை போடவும் கரண்ட் இழுக்கவும் யார் கொடுப்பார்கள்? அதற்காகத்தான் நாங்கள். விண்ணப்பம் வந்தால் நேரில் போய்ப் பார்த்து, உண்மையாகவே தேவை இருக்கிறதா என்று நான் எழுதித் தர வேண்டும். உக்கடத்து வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால், பஸ் மாறி பஸ் மாறி எங்கெங்கோ போய், புழுதியோடு திரும்புவேன். கல்யாணம் ஆகாத பெண் இப்படி வெயிலில் அலைந்து கறுத்துப் போகிறதே என்று என் அம்மா புலம்பாத நாளில்லை.

அப்படித்தான் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்து ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். விசைத்தறிப் பெண்கள் சேர்ந்து நடத்திய நாடகக் குழு அது. கதையும் அவர்களே, மீசை வைத்த ராஜாவும் அவர்களே. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தறி குடோனின் காலிப் பகுதியில் ஒத்திகை பார்த்துவந்தார்கள். தை மாதம் அங்கே புதுத் தறி இறக்கப் போவதாகக் குடோன்காரர் சொல்லிவிட்டார். ஊர்க் கோடியில் ஒரு பழைய கட்டிடம் இருந்தது. கூரையைச் சரி பண்ணிக்கொண்டால் வாடகையில்லாமல் இருந்துகொள்ளலாம் என்று அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். கூரைக்குத்தான் வழியில்லை. உதவி கிடைக்காவிட்டால் தையோடு குழுவைக் கலைக்க வேண்டியதுதான் என்று உள்ளூர் வாத்தியார் ஒருவர் அவர்களுக்காக விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்.

குழுவின் செயலாளரை ஊரே செக்ரட்டரி அக்கா என்றது. தறி நாடாவுக்குள் போகிற நூலைத் தாராகச் சுற்றுகிற வேலை. நாற்பது வயதிருக்கும். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகிய குரல், பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொன்னாலும் நாலு வீடு கேட்கும். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, "வாங்க மேடம், வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல மோர் குடியுங்க" என்றார்.

குடோனுக்குள் போன நான் அசந்துபோனேன். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வரிசையாக நாற்காலிகள், மேலே சுழலும் மின்விசிறி, கண்ணாடி வைத்த பீரோ, அதன் பக்கத்தில் பளபளவென்று ஆர்மோனியம். எங்கள் அலுவலகத்தில்கூட அப்படியொரு பீரோ கிடையாது. ஆபீஸ் கேமராவில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, "இடமில்லைன்னு எழுதியிருந்தீங்களே அக்கா?" என்று கேட்டேன்.

"அது வாத்தியார் சும்மா எழுதிப்போட்டாருங்க. ஒரு கொறையும் இல்லீங்க மேடம். நீங்க சாப்புட வாங்க."

விட்டேனா? தை மாசம் என்ன செய்வீர்கள் என்றேன். எப்படியோ ஆகுமுங்க என்றார். அந்தக் கட்டிடத்தின் கூரை என்னாயிற்று என்றேன். கூரை கெடக்குதுங்க, ரசம் ஊத்தட்டுங்களா என்றார். ராஜா வேஷம் போடுகிற பெண்மணி இலையில் மூன்றாவது ஒப்புட்டை, அதுதான் போளியை, வைத்து அதன்மேல் நெய்யையும் ஊற்றிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. தேவை இல்லை என்று இவர்களே வாயால் சொன்னால் நான் எதை எழுதுவது? நாலாவது ஒப்புட்டாவது வராமல் இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் தண்ணீர்ச் சொம்பில் வெட்டியிருந்த பேர் கண்ணில் பட்டது. யாரோ ஒரு பொன்னாத்தாள். டம்ளரில் வேறொரு பேர். சாம்பார் வாளியில் இன்னொரு பேர், பாயசப் பாத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை பெண்ணின் கல்யாணப் பரிசு. சாப்பிட்டு எழுந்ததும் நாற்காலிகளின் முதுகைப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயிண்ட் எழுத்து. ஆர்மோனியத்தின் பக்கவாட்டில் ஊர் மாரியம்மன் கோயில் என்றிருந்தது. ஒன்றும் கேட்காமல் விடைபெற்றுக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பி நடந்தேன். தெருமுனையில் கால் நின்றுவிட்டது. குடோனே நடந்து வந்துகொண்டிருந்தது. தலையில் கவிழ்த்த நாற்காலிகளோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள். பீரோ ஒரு தள்ளுவண்டியில் படுத்திருந்தது. ராஜா மின்விசிறியை இடுப்பில் இடுக்கியிருந்தார். எல்லோருக்கும் முன்னால் கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்க ஆர்மோனியத்தை அணைத்தபடி செக்ரட்டரி அக்கா. என்னைப் பார்த்ததும் ஊர்வலம் அப்படியே நின்றது.

அக்காவின் முகம் சிறுத்துப்போனது. அத்தனை சத்தமான குரல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காதபடி தாழ்ந்தது. "ஊடு தேடி வந்தவீங்ககிட்ட, எங்ககிட்ட ஒண்ணுமில்லீங்கன்னு எப்புடீங்க காட்டறது? கூசுதுங்க" என்றார். பக்கத்துப் பெண் தலையிலிருந்த நாற்காலியை வாங்கி, நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்தேன். "அக்கா, இது யாரூட்டு நாற்காலி?" என்றேன். ராஜா, "எங்கூட்டுதுங்க, ஒரு காலு கொஞ்சம் ஆடும், பாத்து உக்காருங்க" என்றார். அவ்வளவுதான், மொத்தத் தெருவும் சிரித்தது. அக்கா ஆர்மோனியத்தை இறக்கி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அன்றிலிருந்து நான் மேடம் இல்லை, அம்மணி.

அடுத்த வாரம் கழுவி வந்த படங்களைப் பார்த்த எங்கள் தலைவர், மில் முதலாளி, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இவீங்களுக்கு என்னம்மணி கொறை? நம்மளவிட நல்லா இருக்கறாங்களே" என்றார். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். சொம்பு, வாளி, ஆர்மோனியம், நடுத்தெரு நாற்காலி எல்லாம். எங்கள் விதிகளில் ஒரு கேள்வி உண்டு: குழுவுக்கு உள்ளூரில் ஆதரவு இருக்கிறதா? ஒரு தெருவே வீட்டுப் பீரோவைக் காலி பண்ணித் தூக்கிக் கொடுக்கிறது, இதற்குமேல் என்ன ஆதரவு வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தார். "எங்கக்காளைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கூட்டுல இருந்த கட்டிலும் பக்கத்தூட்டுதுதான்" என்றார். கூரைக்கும் கரண்டுக்கும் அன்றே கையெழுத்துப் போட்டார்.

தை பிறக்கும் முன்பே கூரை ஏறிவிட்டது. திறப்பு விழாவுக்குப் போனபோது நாற்காலி கிடையாது, பீரோ கிடையாது. பாயில்தான் உட்கார்ந்தோம். "பாத்துக்குங்க அம்மணி, பாய் மட்டுந்தான் இருக்குது" என்று அக்கா தலை நிமிர்ந்து சொன்னார். எனக்கு அது போதும் போலிருந்தது. குழுவின் பேர் வெட்டிய முதல் பாத்திரமாக ஒரு தூக்குப்போசி வாங்கியிருந்தார்கள். கிளம்பும்போது அதில் ஒப்புட்டை அடுக்கி என் கையில் கொடுத்தார். "போசி ஒண்ணும் அவசரமில்லீங்க, அடுத்து வாரப்ப குடுத்தாப் போதும்."

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? தேங்காய் பன் வைத்துக் கொண்டுபோனேன். முறுக்கோடு திரும்பி வந்தது. நெல்லிக்காய் போயிற்று, பருப்புப்பொடி வந்தது. ஒவ்வொரு முறையும் வாசலில் அதே வார்த்தைதான், அடுத்து வாரப்ப குடுத்தாப் போதும். தன் வாயால் எதையும் கேட்கத் தெரியாத அந்த மனுஷி, திரும்பி வா என்று என்னிடம் சொல்லக் கண்டுபிடித்த வழி அது என்று எனக்குப் புரிய இரண்டு மூன்று போசி ஆயிற்று. புரிந்த பிறகு எனக்கு அந்த ஊர் பஸ்ஸைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும்.

பிறகு கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். வரும் அவசரத்தில் போசி என்னிடமே தங்கிவிட்டது. அறக்கட்டளையும் மூடப்பட்டது. குழந்தை, பள்ளிக்கூடம், மாமியார் வைத்தியம் என்று வருஷங்கள் ஓடின. பொங்கலுக்கு ஒரு போன் பேசுவதோடு சரி. குழு என்னவோ நிற்காமல் நடந்தது. அக்காவின் மகள் இப்போது செயலாளர், ராஜா வேஷத்துக்கு ராஜாவின் மருமகள்.

போன ஐப்பசியில், பொங்கல் இல்லாத ஒரு நாளில், அக்கா போன் செய்தார். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பதை மகள் முன்பே சொல்லியிருந்தாள். உடம்பைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

"அம்மணி, எங்க போசி உங்கூட்டுலதானுங்க இருக்குது?"

"ஆமாங்கக்கா."

"அது எனக்கு வேணுமுங்க."

வேணும் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. மறுநாள் ரயிலில் போசியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோவையில் இறங்கி அது நிறையத் தேங்காய் பன் வாங்கினேன். கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா மூடியைத் திறந்து, ஒரு துண்டு பிட்டுச் சாப்பிட்டு, என் கையை விடாமல் சாயங்காலம் வரை ஊர்க்கதை பேசினார். குரல் மட்டும் அப்படியே இருந்தது, நாலு வீடு கேட்டிருக்கும். கிளம்பும்போது மகளைக் கூப்பிட்டுப் போசியைக் கழுவச் சொன்னார். ஒப்புட்டு அடுக்கி என் கையில் கொடுக்கச் சொன்னார்.

"இனி இது இங்கயே இருக்கட்டுங்கக்கா" என்றேன்.

"எடுத்துட்டுப் போங்க கண்ணு" என்றார். "அப்பத்தான் நானு மறுக்காக் கேக்க முடியுமுங்க."

அதனால்தான் அது என் மேல்தட்டில் இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைத்து வைக்கிறேன். போன் அடித்தால் முதலில் நான்தான் ஓடிப்போய் எடுக்கிறேன்.