லைன் போன முகம்

இயங்கலை வகுப்பில் இணையம் நின்றுபோனதுபோல் உறைந்து போவது ஒரு கலை. வாய் பாதி திறந்திருக்க வேண்டும், ஒரு கண் லேசாகச் சொருகியிருக்க வேண்டும், மூச்சு விடுவது தெரியக்கூடாது. கேள்வி வந்ததும் நான் அப்படி ஆகிவிடுவேன். எங்கள் செமிலிங் பக்கத்துத் தோட்டங்களில் இணையம் படுத்தும் பாடு விரிவுரையாளருக்குத் தெரியும். பாவம் பார்த்து அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நாங்கள் ஏடாகூடமாக ஏதாவது கேட்டால், அலோர் ஸ்டார் பட்டணத்தின் நடுவில் இருந்துகொண்டே அவருக்கும் லைன் போய்விடும்.

வாய்மொழித் தேர்வும் இயங்கலையில்தான் என்று அறிவித்தபோது எனக்குத் தெம்பு வந்தது. அந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தேன். இதிலும் போனால் கூட்டாளிகள் எல்லாரும் தொழிற்பயிற்சிக்குப் போக, நான் மட்டும் ஜூனியர்களோடு உட்கார வேண்டும்.

அதனால் வகுப்புத் தோழன் ஒருவனை வீட்டுக்கு வரவழைத்தேன். அவனுக்குத் தேர்வு மறுநாள். மேசைக்குக் கீழே அவன் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பான். கேள்வி வந்ததும் நான் உறைவேன். அவன் பதிலைத் தேடிக் கிசுகிசுத்ததும் எனக்கு லைன் திரும்பும்.

முதல் இரண்டு கேள்விகள் ஜோராகப் போயின. மூன்றாவதாக, மோட்டார் ஓடத் தொடங்கும்போது ஏன் அதிக மின்சாரத்தை இழுக்கிறது என்று கேட்டார். உறைந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா பாலில்லாத தேநீரும் பிஸ்கட்டும் வைத்த தட்டோடு உள்ளே வந்தார். வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு எதுவும் கொடுக்காமல் இருக்க அவருக்கு மனம் வராது.

“என்னடா, ஆடாம அசையாம உக்காந்திருக்க?” என்றவர், திரையைப் பார்த்துக் குனிந்தார். “வணக்கம் சார், சாப்ட்டீங்களா?”

சார் வணக்கம் சொன்னார், சாப்பிட்டுவிட்டதாகவும் சொன்னார். “தட்டுல ரெண்டு தே ஓ இருக்கேம்மா, யாருக்கு?”

“இவன் கூட்டாளிக்குத்தான் சார். பாவம், அப்பயிலேர்ந்து கீழயே உக்காந்திருக்கு அந்தப் பிள்ள.”

உறைந்த நிலையிலும் எனக்கு வியர்த்தது. சார் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். அந்தத் தம்பியை மேலே வரச் சொன்னார். எனக்கு லைன் வரும்வரை சும்மா இருப்பானேன், அவன் தேர்வை இன்றே முடித்துவிடலாம் என்றார். அவன் எழுந்து வந்து என் நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டான். அதே மூன்று கேள்விகள். மூன்றுக்கும் விடையை எனக்காகச் சற்று முன்புதான் தேடிப் படித்திருந்தான். தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னான். ஒரே திரையில் அவன் பேசிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் லைன் வரவேயில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வாயைப் பாதி திறந்தபடியே இருந்தேன்.

சார் அவனைப் பாராட்டினார். என்னை அடுத்த பருவத்தில் பார்ப்பதாகச் சொன்னார். ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

திரை அணைந்ததும் அம்மா அவன் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பாத்தியா, எப்படிப் பதில் சொல்லுச்சுன்னு? இந்த மாதிரிப் பிள்ளைங்களோட சேருடா. அப்பயாச்சும் உருப்படுவ.”