எல்லாருக்கும் தயிர், எனக்கு மோர்

என் அம்மாவின் அண்ணன் நெளுக்குளத்தில் இருந்த சட்டத்தரணி. சட்டப் புத்தகங்களை விட மீமாம்சையில்தான் அவருக்குப் பைத்தியம் அதிகம். வேத வாக்கியங்களுக்கு எப்படிப் பொருள்கொள்வது என்று பழைய பண்டிதர்கள் வகுத்த விதிகள் அவை. இந்தியாவில் சில நீதிபதிகளே அவற்றை எடுத்துப் பேசியிருக்கிறார்கள், இங்கே பேசினால் மட்டும் என்ன குறைந்துவிடும் என்பது மாமாவின் நெடுநாள் மனத்தாங்கல். அதைத் தீர்த்துக்கொள்ள அவருக்கு ஒரு வழக்குத் தேவைப்பட்டது. எங்கள் கிணறு அகப்பட்டது.

முள்ளியவளையில் அப்பப்பா விட்டுப்போன காணி அது. வடக்குப் பாதி முழுவதும் பெரியப்பாவுக்கு, தெற்குப் பாதி அப்பாவுக்கு என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருந்தது. நாலு வரி தள்ளி, வடக்கில் இருக்கும் கிணறும் அதற்குப் போகும் பாதையும் இருவருக்கும் பொது என்றும் எழுதியிருந்தது. போர் முடிந்து, முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது, எங்களுக்கு முன்னமே வந்துவிட்ட பெரியப்பா அந்தப் பாதையை மறித்து முள்ளுக்கம்பி அடித்துப் படலைக்குப் பூட்டும் போட்டிருந்தார். காரணம் கேட்டால், மாட்டுக்கொட்டிலைச் சுற்றி வேறு பாதை விடுகிறேன் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உரிமையான பாதை கிடக்க, நாங்கள் ஏன் சாணிக்குள்ளாலை போகோணும்?" என்றா அம்மா.

உரிமை அம்மாவுக்கு, சுமை எனக்கு. எனக்கு அப்போது ஒன்பது வயது. தெருமுனைப் பொதுக்கிணற்றிலிருந்து சைக்கிளில் இரண்டு பிளாஸ்ரிக் கான் தண்ணீரைக் கட்டி, ஏறி ஓட்ட முடியாமல் உருட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று நடை. மாட்டுக்கொட்டில் பாதையால் போயிருந்தால் இருநூறு அடி. பெரியவர்கள் கௌரவத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இணக்கசபையில் ஒருவரும் இணங்காமல் வழக்கு முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குத் தவணைக்கு முதல் நாளெல்லாம் மாமா ஒரு முட்டி எருமைத்தயிரோடு வந்து இறங்குவார். சாப்பாட்டில் இருந்தபடியே அப்பாவுக்கு வழக்கை விளக்குவார். பொதுவாகச் சொன்னதைக் குறித்துச் சொன்னது வெல்லும் என்பது அவருடைய முதல் விதி. "மச்சான், இஞ்சை பாருங்கோ. எல்லாருக்கும் தயிர் வை எண்டு சொல்லிப்போட்டு, இவளுக்கு மட்டும் மோர் வை எண்டால் இவளுக்கு என்ன? மோர்தான்! வடக்கு முழுக்க அண்ணைக்கு எண்டது தயிர். பாதை பொது எண்டது மோர். விளங்குதே?"

அப்பாவுக்கு விளங்கியதோ தெரியாது. எனக்கு நன்றாக விளங்கியது. ஏனென்றால் உதாரணத்தைக் காட்ட மாமா ஒவ்வொரு முறையும் என் தயிரை எடுத்து அப்பாவின் கோப்பையில் போட்டுவிட்டு எனக்கு மோர் ஊற்றுவார். அந்த மோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தவள் நான்.

இரண்டாவது விதி, எழுதிய வாக்கியத்தில் ஒரு சொல்லும் வீணில்லை என்பது. எழுதியவன் காரணமில்லாமல் ஒரு சொல்லைப் போடமாட்டான்; அந்தக் காரணத்தைத் தேடாதவன் வாசிக்கத் தெரியாதவன். இதைச் சொல்லும்போது மாமா கறிக்கையை உயர்த்துவார். எனக்குப் பாத்திரம் கழுவ இன்னும் ஒரு கான் வேண்டுமே என்றிருக்கும்.

இந்த நிலைமையில்தான் நான் ஒரு காட்சியைக் கண்டேன். விடியக்காலையில் கானைக் கட்டிக்கொண்டு வேலியோரம் போகும்போது, பெரியப்பா பாதை வளையும் இடத்தில் நின்று ஒரு வாளி தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே வாழையில்லை, கத்தரியில்லை, ஒரு புல்லுக்கூட இல்லை. வெறும் மண். மறுநாளும் அதையே செய்தார். அதற்கு மறுநாளும். நான் தெருமுனைவரை நாயாக அலைய, இந்த மனிசன் நல்ல தண்ணீரை மண்ணுக்கு வார்க்கிறாரே! அடுத்த தவணைக்கு மாமா வந்து இறங்கியதும் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமாவின் முகம் மலர்ந்தது. முதல்தடவையாக என்னைக் கெட்டிக்காரி என்றார்.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அந்தத் தவணைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். பின்வரிசையில் எங்களுக்கு அடுத்த வாங்கில் பெரியம்மா இருந்தா. மடியில் வழக்கமான பை. அதற்குள் அவர்களுடைய ஒரே மகனின், நான் அண்ணா என்று கூப்பிட்டவரின், படம் இருக்கும். கடைசிச் சண்டையில் அண்ணா காணாமல் போனவர். பெரியம்மா அந்தப் படத்தோடு போகாத இடமில்லை. அவர் வருவார் என்று அவருடைய சேட்டுகளைத் தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்திருந்தா.

மாமா தயிரையும் மோரையும் நீதிமன்றத்தில் பரிமாறினார். நீதிபதி சிரித்துவிட்டார், ஆனால் கேட்டார். பிறகு மாமா பெரியப்பாவை விசாரித்தார். வேறு பாதை தரச் சம்மதமா என்றதற்குப் பெரியப்பா, "எங்கையும் விடுறன் ஐயா. அந்த இடத்தாலை மட்டும் வேண்டாம்" என்றார். உறுதியில் இருப்பது பழைய பாதை, வேறு பாதையல்ல என்று மாமா வெட்டினார். அடுத்து, நான் கொடுத்த ஆயுதத்தை எடுத்தார். தம்பியின் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதவர் தினமும் வெறும் மண்ணுக்கு ஊற்றுகிறாராமே, உண்மையா?

பெரியப்பா சாட்சிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீதிபதியும் கேட்டார், ஏன் ஊற்றுகிறீர்கள் என்று. பெரியப்பா நீதிபதியைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம், பின்வரிசையைப் பார்த்தார்.

"சும்மா ஒரு பழக்கம், ஐயா."

அவ்வளவுதான். மனிசன் வஞ்சகத்துக்குத்தான் மறித்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது. பாதையைத் திறக்கும்படி தீர்ப்பு வந்தது. அன்று மத்தியானம் மாமா தன் கையாலேயே எனக்குத் தயிர் போட்டார், இனிப்புப் பாணியும் ஊற்றினார். நான் முட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா காலமானா. செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம். அண்ணா காணாமல் போகவில்லை. பெரியம்மாவைச் சனத்தோடு முன்னே அனுப்பிவிட்டு, மாடுகளை அவிழ்த்துவிட இவர்கள் இரண்டு பேரும் பின்தங்கிய அன்று ஷெல் விழுந்தது. பாதை வளையும் இடத்தில் பெரியப்பா தானே குழி வெட்டி மகனைப் புதைத்துவிட்டு ஓடினார். பெரியம்மாவிடம் சனநெரிசலில் தவறிவிட்டான் என்று சொன்னார். அவ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உயிரோடிருந்ததால், அதைத் திரும்ப எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் பழைய வழக்குக் கோப்பை எடுத்துப் பெரியப்பாவின் சாட்சியத்தை மறுபடி வாசித்தார். ஒரு சொல்லும் வீணில்லை என்று ஊருக்கெல்லாம் படிப்பித்தவர், அந்த இடத்தாலை மட்டும் வேண்டாம் என்று ஒரு மனிசன் சொன்னதற்குக் காரணம் தேடவில்லை. அவரை மட்டும் குறைசொல்லி நான் தப்ப முடியாது.

தீர்ப்புக்குப் பிறகு படலை திறந்த முதல் நாள் காலையில் வாளியோடு போனேன். பெரியப்பா வளைவில் நின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளை, இந்த ஓரத்தாலை போ அம்மா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வழக்கில் வென்ற பாதை. எத்தனை மாதம் சைக்கிள் உருட்டியிருக்கிறேன்? நான் ஏன் ஓரத்தால் போகவேண்டும்? அவர் பார்க்கப் பார்க்க, வெறும் வாளியை வீசிக்கொண்டு, நட்டநடுவால் மிதித்துக்கொண்டு போனேன். கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்தபோது, அந்த மண்ணில் கிடந்த என் காலடித் தடங்களைக் கையால் தடவி அழித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பொல்லாத மனிசன் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.