வெள்ளச்சிக்குப் பின்னிய சடை

ஆப்பிள் வாசம் அடிக்கும் குதிரைச் சோப்பும் ஈர வைக்கோலும், அதற்கடியில் லேசாகச் சாணியும் கலந்த ஒரு மணம் என் பத்தாவது வயது முழுக்க என் தலைமுடியில் குடியிருந்தது. எத்தனை முறை குளித்தாலும் பயனில்லை, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததுமே அப்பாவின் விரல்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்து என் தலையில் வைத்துவிடும்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் குடியிருந்தோம். கொழுந்து வெட்டப் போகும் அம்மா விடியுமுன்பே ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க்குப் போய்ப் பேர் கொடுத்தாக வேண்டும் என்பதால், எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது அப்பாவின் பொறுப்பு. தோட்டத்தில் பல வருடம் மருந்தடித்து அலுத்துப்போன அப்பா, அப்போது கியா பார்ம் பக்கம் ஒரு சீனப் பெண்மணி சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்திவந்த குட்டிக்குதிரைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். குட்டிக்குதிரை என்றால் குதிரை ஈன்ற குட்டி என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக வளர்ந்து வயதான குதிரையே அப்பாவின் இடுப்புக்குமேல் வராது, அப்படி ஒரு ஜாதி.

அதில் ஒருத்தி முழு வெள்ளை. முதலாளியம்மா வைத்த பெயர் ஸ்னோ, அப்பா கூப்பிட்டது வெள்ளச்சி, அவள் திரும்பிப் பார்த்தது அப்பாவுக்கு மட்டும். பிள்ளைகளை முதுகில் ஏற்றினால் பாதி வழியில் நின்றுகொள்வாள், வருகிறவர்களின் தொப்பியைப் பிடுங்கிச் சப்புவாள். எனக்கோ அவள்மேல் உயிர். பள்ளி விட்டதும் பண்ணைக்கு ஓடி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டால்தான் எனக்கு அந்த நாள் நாளாகும்.

இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலாளியம்மா ஒரு முடிவுக்கு வந்தார். பூக்கண்காட்சியோடு நடக்கும் குட்டிக்குதிரைப் போட்டியில் வெள்ளச்சியை நிறுத்திப் பார்ப்பது, முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் மலைக்குக் கீழே ஈப்போவில் உள்ள உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. குளிரிலேயே வளர்ந்து, கம்பளி மாதிரி மயிர் அடர்ந்தவள் அவள். அன்று இரவு சாப்பிடும்போது அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கீழ வெயில்ல அது தாங்காது பாப்பா," என்றார்.

போட்டிக்குப் போகும் குதிரையின் பிடரி மயிரைச் சிறுசிறு சடைகளாகப் பின்னி, ஒவ்வொன்றையும் மடித்து நூலால் தைத்துக் கோலிக்குண்டு அளவுக் கொண்டைகளாக வரிசையாக நிறுத்த வேண்டும். வாலுக்கோ வேரிலிருந்தே ஓரத்து முடியை எடுத்து எடுத்துச் சேர்த்துப் பின்ன வேண்டும். முதலாளியம்மா கொடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அப்பா கற்றுக்கொண்டாக வேண்டும். வெள்ளச்சி அரை நிமிடம் ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். நான் நிற்பேன், பள்ளிக்குப் போக வேண்டுமே. ஆக, பழகுவதற்கு என் தலைதான் அகப்பட்டது.

இரண்டு மாதம் நான் குதிரைச் சடையோடு பள்ளிக்குப் போனேன். முதல் வாரம் வகுப்பில் எனக்குக் "குதிரவாலு" என்று பெயர் விழுந்தது, அழுதேன். அப்பாவின் கை படியப் படிய, கேலி செய்த பிள்ளைகளே நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த மாதம் லயத்துப் பிள்ளைகள் மூன்று பேர் சீப்பும் ரிப்பனுமாகக் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, "ஆடாம இருலா, நீ என்ன வெள்ளச்சியா?" என்று அதட்டிக்கொண்டே பின்னி முடிப்பார். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஊரில் ஆம்பளைகள் எதற்கெல்லாமோ பேர் வாங்குகிறார்கள், என் வீட்டுக்காரர் சடைக்குப் பேர் வாங்கிவிட்டார் என்று லயம் முழுக்கச் சொல்லிவந்தார்.

என் தலையில் கற்ற பாடம் வெள்ளச்சியிடம் ஒருமுறை காலை வாரியது. பின்னுமுன் எனக்கு வைப்பதுபோலவே அவள் பிடரிக்கும் தேங்காயெண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டார் அப்பா. பின்னி முடித்த பதினோரு சடையும் அவள் ஒரு சிலுப்பு சிலுப்பியதும் வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தன. எண்ணெய் போக நானும் அப்பாவும் மூன்று முறை சோப்புப் போட்டோம், அவள் எங்கள் இருவரையும் நனைத்தாள்.

போட்டி அன்று அம்மா லீவு போட்டுவிட்டு வந்தார். வெள்ளச்சியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பனிமூட்டத்துக்குள் அவ்வளவு வெள்ளையாக, கழுத்தில் பதினோரு கொண்டையும் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் நிற்க, அவள் நின்ற அழகு அப்படி. அப்பா வாளியில் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், அம்மா கைப்பையிலிருந்து மைச்சிமிழை எடுத்து, "இவ்வளவு சனம் பாக்குது, கண்ணு படாதா?" என்று வெள்ளச்சியின் இடது கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. தீபாவளிக்கு எனக்கும் வைப்பாரே.

அப்பா திரும்பி வந்து, தோளில் கிடந்த ஈரத்துணியால் அவள் மூக்கு, வாயோரம், காது மடல், நான்கு குளம்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துத் திடலுக்குள் கூட்டிப்போனார்.

எட்டுக் குதிரைகள் நின்றன. நடுவர் வெள்ளைக் கையுறை போட்ட உயரமான பெரியவர். வெள்ளச்சியிடம் வந்ததும் குனிந்து கொண்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் பின்னியது என்று கேட்டார். அப்பா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எங்கே கற்றது என்று கேட்டதற்கு, வேலிக்கு வெளியே நின்ற என் தலையைக் காட்டினார். சுற்றிலும் சிரிப்பு. என் வாழ்நாளில் அதற்குமுன் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பிறகு நடுவர் வெள்ளச்சியின் கன்னத்தை ஒரு தடவு தடவினார். கையுறையைத் திருப்பிப் பார்த்தார். கருப்பு. துளி அழுக்கு இருந்தாலும் மதிப்பெண் குறைந்துவிடும். அவர் புருவம் சுருங்கியதும் காகிதத்தில் ஏதோ எழுதியதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எல்லாம் போயிற்று, வெள்ளச்சி ஈப்போவுக்குப் போகிறாள், அவளை அனுப்பியது என் அம்மாதான் என்று எண்ணி, அம்மா பிடித்திருந்த கையை உதறிவிட்டு நான் தள்ளி நின்றேன். அம்மாவின் முகமும் வெளிறிப்போயிருந்தது. மூன்றாம் இடம் கூப்பிட்டார்கள், நாங்கள் இல்லை. நான் தேம்ப ஆரம்பித்தேன். இரண்டாம் இடத்துக்கு வெள்ளச்சியின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அப்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவள் அவர் தொப்பியைப் பிடுங்கினாள்.

மாலையில் பார்த்தால், முதல் பரிசு வாங்கிய பழுப்புக் குதிரையை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜொகூரிலிருந்து வந்த ஒரு பணக்காரர், எது ஜெயிக்கிறதோ அதைப் பேரனுக்கு வாங்கிப்போவதாக வந்திருந்தாராம். அதை வளர்த்த பையன் லாரிக்குப் பின்னாலேயே சாலைவரை நடந்தான். அம்மா இடுப்பில் கைவைத்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பாத்துக்கிட்டீங்களா? நான் வச்ச பொட்டு."

வெள்ளச்சி அதற்குப்பின் பன்னிரண்டு வருடம் அந்த மலையில், அந்தக் குளிரில், தொப்பிகளைச் சப்பிக்கொண்டே வாழ்ந்து முடித்தாள். இன்று பண்ணை இருந்த சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரைக்குள் ஸ்ட்ராபெரி. எங்கள் லயமும் இல்லை, அப்பாவும் அம்மாவும் ரிங்லெட் டவுனில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள்.

போன வருடம் அப்பாவோடு அந்த வழியாகக் காரில் போனபோது, அன்றைக்கு அத்தனையும் துடைத்தவர் கன்னத்தை எப்படி விட்டீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தேன். அப்பா கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"பாத்தேன் பாப்பா. துணிகூடக் கையிலதான் இருந்துச்சு. ஜெயிக்கிறத வாங்கிட்டுப் போறேன்னு அந்த ஜொகூர் ஆளு தண்ணிக் குழாய்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. நம்ம சடைக்கு மொத எடம்தான்லா கெடைக்கும், அதான் விட்டுட்டேன். மூணுக்குள்ள வராமப் போயிருந்தா என்ன பண்ணிருப்பேன்னு இன்னைக்கும் தெரியல." பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாத," என்றார்.

நான் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட அம்மா தன் பொட்டு குதிரையைக் காப்பாற்றிய கதையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நடுநடுவே "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.