சிவநேசன் அண்ணை பதவி விலகியபோது

செவ்வாய்க்கிழமை காலை மெற்றோவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது சிவநேசன் அண்ணையின் மகள் அழைத்தாள். "அப்பா விடிய எங்களை விட்டுட்டுப் போட்டார், மாமா" என்றாள். நான் இறங்கவேண்டிய தரிப்பு தாண்டிப்போனது. துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை ஆறு வருடங்களாகத் தள்ளிப்போட்டு வந்தவன் நான்.

சுவிஸின் இந்த லோசானில் அவரை அறியாத தமிழர் குறைவு. வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இரண்டு அணிகளில் ஒன்றை நடத்தியவர். யாழ்ப்பாணத்தில் வரலாற்றுப் படிப்பைப் பாதியில் விட்டவர், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க செனட்டர் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். கட்சிக்குள் ஓர் அணியைக் கட்டியாண்ட மனிதர் அந்தச் செனட்டர். ஜனாதிபதி அவரைக் கேளாமல் அவரது மாநிலமான நியூயோர்க்கின் சுங்கத்துக்கு எதிரணிக்காரரைத் தலைவராக நியமித்தபோது, மாநிலச் சட்டசபை தன்னையே திரும்பத் தெரிவுசெய்யும் என்ற துணிவில் பதவியை விட்டார். சட்டசபை வேறொருவரைத் தெரிவுசெய்தது. "கெட்டிக்காரன், தம்பி. ஆனா தன்ர ஆக்களின்ர முகத்தை ஒருநாளும் வடிவாப் பாக்கேல்லை" என்பார் அண்ணை.

ஆறு வருடங்களுக்கு முன் சங்கத் தலைவர், சங்கம் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்கு யாரையும் கேளாமல் மற்ற அணிக்காரர் ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்தார். சங்கச் செயலாளராக இருந்த அண்ணை அன்றே விலகல் கடிதம் கொடுத்தார். பொதுக்கூட்டம் தன்னைத் திரும்பத் தெரிவுசெய்யும், தலைவரும் அடங்குவார் என்று நம்பினார். நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். உங்கள் செனட்டரும் இதைத்தானே செய்தார் என்று கேட்டேன்.

"ஓம். அவனோட ஆக்கள் பயத்தில நிண்டவை. என்னோட நீங்கள் விருப்பத்தில நிக்கிறியள்" என்றார்.

அவர் வென்றால் பிரிந்துபோய் வேறு பள்ளி தொடங்குவோம் என்று மற்ற அணி அறிவித்திருந்தது. பிள்ளைகள் பாதியாகிவிட்டால் நகரசபை தந்த வகுப்பறைகளும் கைவிட்டுப் போய்விடும். என் மகளும் அங்கேதான் படித்தாள். வாக்குச்சீட்டை வாங்கியபோதுகூட நான் முடிவெடுத்திருக்கவில்லை. பிறகு மற்ற அணி வேட்பாளரின் பெயரை எழுதி, நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். அண்ணை நான்கு வாக்குகளால் தோற்றார்.

கூட்டம் முடிந்து பஸ் தரிப்பில் நம் அணியினர் துரோகி யார் என்று கொதித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து கோபப்பட்டேன். இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அங்கே நின்றீர்கள். அண்ணை கையுறையை மாட்டியபடி சொன்னது நினைவிருக்கும். "பள்ளிக்கூடம் உடைஞ்சிடும் எண்டு பயந்தவை போட்டிருப்பினம். அந்தப் பயத்தைக் குடுத்தது நான்தான். ஒருத்தரையும் தேடாதேங்கோ." அப்போது அவர் என்னைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு புதிய நிர்வாகம் காப்பாளர் என்ற கௌரவப் பதவியோடு அவரிடம் போனது. தேநீர் கொடுத்து, வேண்டாமென்று அனுப்பிவிட்டார். செனட்டரும் பிற்காலத்தில் உச்ச நீதிமன்றப் பதவியை மறுத்தவர்தான். ஆனால் அவர் அரசியலை விட்டே விலகிப்போனார். அண்ணை எங்களை விடவில்லை.

பள்ளி இன்னும் நடக்கிறது. அவருக்கு எதிராக விழுந்த வாக்குகளில் ஒன்று என்னுடையது. அவரோடு நின்ற உங்களிடம் இப்போதாவது சொல்கிறேன். தோல்விக்குப் பிந்திய முதல் கூட்டத்தை நான் நெஞ்சில் வைத்திருக்கிறேன். அண்ணை சாதாரண உறுப்பினராக உள்ளே வந்தார். முன்வரிசையில் இடம் விட்டிருந்தார்கள். அதைத் தாண்டி நேரே என்னிடம் நடந்து வந்தார்.

"கொஞ்சம் அரக்கி இரும், தம்பி" என்று சொல்லி, நான் தள்ளி இருக்க, என் பக்கத்தில் அமர்ந்தார்.